பணக்கார மாவட்டம் எது? பதில் மூன்று!

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மக்கள்தொகையில் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. கிட்டத்தட்ட 3.9 கோடி பேர். நம் மாநிலங்கள் மாவட்டங்களாகப் பிரிந்திருப்பதுபோல அந்த மாநிலம் 58 ‘கவுன்ட்டி’களாகப் பிரிந்திருக்கிறது.

இந்த 58-ல் எது பணக்கார கவுன்ட்டி?

கேள்வி சின்னதுதான். பதில்தான் ஒன்றல்ல. குடும்ப வருமானத்தைக் கேட்டால் ஒரு பெயர் வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் இன்னொரு பெயர். வீட்டு விலையைக் கேட்டால் மூன்றாவது பெயர். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றித்தான் இருக்கின்றன. ‘பே ஏரியா’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் சொல்கிறார்களே, அதே இடம்தான்.

சன்னிவேலில் மகன், கூப்பர்டினோவில் மகள், சான் ஹோசேயில் மருமகன் என்று இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ‘அவனுக்கென்ன, டாலர்ல சம்பளம்’ என்ற பேச்சும் ஏராளம். அந்தச் சம்பளமும் அந்த ஊர் வீடும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகிறது? அதைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும்.

முதல் அளவுகோல்: குடும்ப வருமானம்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் வருமானக் கணக்கு வெளியிடுகிறது. அதில் சொல்வது சராசரி அல்ல, ‘மீடியன்’.

அதென்ன மீடியன்? ஓர் ஊரில் 101 குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தவர் முதல் கூடியவர் வரை எல்லோரையும் வரிசையில் நிறுத்துங்கள். சரியாக நடுவில் நிற்கும் 51-வது குடும்பத்தின் வருமானம்தான் மீடியன். 101-வது ஆள் பெரும் கோடீஸ்வரர் என்றால் சராசரி எகிறிவிடும். மீடியன் அசையாது. அதனால்தான் ஓர் ஊரின் நிலவரத்தைச் சொல்ல மீடியன் நம்பகமானது.

2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுக் கணக்கில், அமெரிக்கா முழுவதற்குமான குடும்ப வருமான மீடியன் ஆண்டுக்கு சுமார் 75 ஆயிரம் டாலர். கலிஃபோர்னியாவுக்கு சுமார் 92 ஆயிரம்.

முதலிடம் சான்டா கிளாராவுக்கு. சுமார் 1.54 லட்சம் டாலர். அடுத்து சான் மட்டேயோ, சுமார் 1.50 லட்சம். மூன்றாவது மரின், சுமார் 1.42 லட்சம். அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ, சுமார் 1.37 லட்சம்.

சான்டா கிளாரா முதலிடத்தில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சிலிகான் வேலி என்று உலகம் சொல்வது பெரும்பாலும் இந்த கவுன்ட்டியைத்தான். கூப்பர்டினோவில் ஆப்பிள், மவுன்ட்டன் வியூவில் கூகுள், சான்டா கிளாரா நகரில் இன்டெலும் என்விடியாவும். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை தலைமைப் பொறுப்பில் இருக்கும் அலுவலகமும் இந்த எல்லைக்குள்தான்.

இவ்வளவுக்கும் அது ஒரு காலத்தில் தோட்டக்காடு. ஆப்ரிகாட், பிளம் பழங்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. 1939-ல் பாலோ ஆல்ட்டோவில் ஒரு கார் ஷெட்டில் ஹியூலெட்டும் பேக்கர்டும் தொடங்கிய நிறுவனத்தைத்தான் சிலிகான் வேலியின் பிறப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதன்பிறகு மரங்கள் போய் சிப் வந்தது.

இரண்டாவது அளவுகோல்: தலைக்கு எவ்வளவு?

குடும்ப வருமானத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள்; இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி என ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி இருவர் மட்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் யார் வசதியானவர்?

ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் முதலிடத்துக்கு வருவது மரின்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1937-ல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் மரின். மலை, காடு, கடற்கரை. நிலத்தின் பெரும்பகுதி பூங்காவாகவும் பண்ணையாகவும் பாதுகாக்கப்பட்டிருப்பதால் புதிதாகக் கட்ட இடம் சொற்பம். மக்கள்தொகை 2020 கணக்குப்படி 2.62 லட்சம்தான். சான்டா கிளாராவில் 19.36 லட்சம்.

மரினில் வயதானவர்கள் அதிகம், குடும்பங்கள் சிறியவை. மாதச் சம்பளத்தைவிட சேர்த்துவைத்த சொத்து பேசும் ஊர் அது. சான்டா கிளாராவோ உழைக்கும் வயதினரின் ஊர். வீட்டுக்கு சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று பேர். வருமானம் அதிகம், அதைப் பங்கு போடவும் ஆள் அதிகம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கணக்கெடுப்புத் துறை ‘வருமானம்’ என்று எண்ணுவதில், பங்குகளையோ வீட்டையோ விற்றுக் கிடைத்த லாபம் சேராது. பழைய பங்குகளை விற்று 20 லட்சம் டாலர் லாபம் பார்த்தவரின் அந்தப் பணம் இந்தப் பட்டியலில் வரவே வராது. ஆக, மெய்யான பணக்காரர்களின் பெரும்பணம் இந்தக் கணக்குக்கு வெளியேதான் இருக்கிறது.

மூன்றாவது அளவுகோல்: வீடு

அதே 2018-2022 கணக்கில் அமெரிக்க வீட்டு மதிப்பின் மீடியன் சுமார் 2.82 லட்சம் டாலர். கலிஃபோர்னியாவில் சுமார் 6.6 லட்சம். மேலே சொன்ன நான்கு கவுன்ட்டிகளிலோ 13 லட்சம் டாலருக்கும் மேல். அதில் 14 லட்சத்தைத் தாண்டி உச்சத்தில் நிற்பது சான் மட்டேயோ.

வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ, தெற்கே சான்டா கிளாரா. இரண்டுக்கும் நடுவே நீளும் நிலம் சான் மட்டேயோ. எந்தப் பக்கம் வேலை கிடைத்தாலும் போய்வரலாம். விலை ஏறாமல் என்ன செய்யும்? இங்கிருக்கும் ஆதர்ட்டன் என்ற சிற்றூரின் அஞ்சல் குறியீடு 94027. அமெரிக்காவிலேயே விலை உயர்ந்த அஞ்சல் குறியீடு என்று பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்தது.

இந்த 13, 14 லட்சமும்கூட வீட்டுக்காரரே ‘இன்று விற்றால் இவ்வளவு போகும்’ என்று சொன்ன மதிப்புதான். சந்தை அதையும் முந்திவிட்டது. 2024 இரண்டாம் காலாண்டில், தனி வீடுகளின் விற்பனை விலை மீடியன் 20 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் அமெரிக்கப் பெருநகரப் பகுதி என்ற பெயரை சான் ஹோசே வாங்கியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்…

தனித்தனியாகப் பார்த்தால் இவையெல்லாம் பெருமைப் பட்டியல்கள். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால்தான் உண்மை தெரியும். ஒரு வீட்டின் விலை, ஒரு குடும்பத்தின் எத்தனை ஆண்டு வருமானம்?

அமெரிக்கா முழுவதற்கும்: நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. கலிஃபோர்னியாவுக்கு: ஏழு ஆண்டு. இந்தப் பணக்கார கவுன்ட்டிகளில் எட்டரையிலிருந்து பத்து ஆண்டு வரை. அதே மாநிலத்தில் உள்நாட்டு விவசாய கவுன்ட்டியான ஃபிரெஸ்னோவில் குடும்ப வருமானம் 68 ஆயிரம் டாலர்தான். சான்டா கிளாராவில் பாதிகூட இல்லை. ஆனால், வீடு ஐந்து ஆண்டு வருமானத்தில் கிடைக்கிறது.

வருமானத்தில் பின்தங்கிய ஊர்க்காரருக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது. வருமானத்தில் முதலிடம் பிடித்த ஊர்க்காரருக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை 14 லட்சம் டாலர். 20 சதவிகிதம், அதாவது 2.8 லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். மீதி 11.2 லட்சத்துக்கு 30 ஆண்டுக் கடன். வட்டி 7 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 7,450 டாலர். சொத்து வரி ஆண்டுக்கு 1.2 சதவிகிதம் என்று வைத்தால் மாதம் 1,400. மொத்தம் 8,850 டாலர்.

சான்டா கிளாராவின் நடுக் குடும்பத்துக்கு மாத வருமானம் சுமார் 12,800 டாலர், அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன்னால். ஆக, வருகிற நூறு டாலரில் 69 டாலர் வீட்டுக்கே போய்விடும். வீட்டுக்கு 30 டாலர்தான் போகலாம் என்பது பழைய கட்டுச்செட்டுக் கணக்கு. அதன்படி இந்த வீட்டை வாங்க ஆண்டுக்கு சுமார் 3.5 லட்சம் டாலர் வருமானம் வேண்டும்.

இன்னும் ஒன்று. 2021-ல் வட்டி 3 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. அப்போது இதே கடனை வாங்கியவருக்குத் தவணை சுமார் 4,720 டாலர். 2023 அக்டோபரில் வட்டி 8 சதவிகிதத்தை நெருங்கியது. மூன்றில் வாங்கியவர் ஏன் விற்பார்? விற்றால் அடுத்த வீட்டுக்குப் புது வட்டி. அதனால் சந்தைக்கு வீடு வருவது குறைந்தது. வராததால் விலை இறங்கவில்லை.

1978 போட்ட முடிச்சு

விலைக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1978 ஜூனில் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ‘13-வது முன்மொழிவு’. சொத்து வரியின் அடிப்படை விகிதம் 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. வரிக்கான மதிப்பை ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் புது மதிப்பு. இதுதான் அதன் சாரம்.

அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. வீட்டு விலை தாறுமாறாக ஏறியபோது, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டையே இழப்போமோ என்று பயந்தார்கள். சட்டம் அவர்களைக் காப்பாற்றியது.

இன்று நடப்பதைப் பாருங்கள். 1984-ல் ஒருவர் 1 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 2 சதவிகிதம் ஏறி 2024-ல் வரிக்கான மதிப்பு 2.2 லட்சம்தான். 1 சதவிகிதம் என்றால் வரி 2,200 டாலர். அடுத்த வீட்டை 2024-ல் 14 லட்சத்துக்கு வாங்கிய இளம் தம்பதிக்கு வரி 14 ஆயிரம். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே குப்பை வண்டி. வரி மட்டும் ஆறு மடங்கு.

புதிதாகக் கட்டலாமே என்றால், அதற்கும் எதிர்ப்பு. ஒரு மனையில் ஒரு தனி வீடுதான் என்ற விதி பல ஊர்களில் நெடுநாள் இருந்தது. 2021-ல் மாநில அரசு, ஒரு வீட்டு மனையில் இரண்டு வீடு கட்டவும் மனையைப் பிரிக்கவும் வழிவிட்டுச் சட்டம் போட்டது. சான் மட்டேயோ கவுன்ட்டியில் உட்சைட் என்ற செல்வந்தர் சிற்றூர் என்ன செய்தது தெரியுமா? ‘எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கங்களின் வாழிடம், அதனால் இந்தச் சட்டம் இங்கே செல்லாது’ என்றது. 2022 தொடக்கத்தில் நாடே சிரித்தது. மாநில அட்டர்னி ஜெனரல் கண்டித்த பிறகு முடிவைத் திரும்பப் பெற்றது.

பட்டியலில் தெரியாதவர்கள்

2018-ல் அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை ஓர் அளவு வெளியிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, மரின் மூன்றிலும், ஆண்டுக்கு 1,17,400 டாலர் வரை வருமானமுள்ள நால்வர் குடும்பம் ‘குறைந்த வருமானக் குடும்பம்’. ஊரில் உறவினர்கள் ரூபாயில் மாற்றிப் பார்த்து மலைத்துப்போகும் வருமானம், அந்த ஊரில் வீட்டு உதவிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ள வருமானம்!

அப்படியென்றால் பள்ளி ஆசிரியர், நர்ஸ், பஸ் டிரைவர், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர் எங்கே இருப்பது? பலர் மலை தாண்டி ஸ்டாக்டன், டிரேசி, மொடெஸ்டோ பக்கம் குடியிருந்து, விடியும் முன்பே கிளம்புகிறார்கள். ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசேவுக்கு 1998 முதல் இவர்களுக்கென்றே ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் தூங்கும்போது போய், தூங்கப்போகும்போது திரும்பும் வாழ்க்கை.

அதுவும் முடியாதவர்களுக்கு வண்டியே வீடு. கூகுள் தலைமையகம் இருக்கும் மவுன்ட்டன் வியூவில் தெருவோரம் நிற்கும் கேரவன் வண்டிகளில் குடும்பம் நடத்துபவர்கள் பெருகினார்கள். 2020 நவம்பரில் அந்த ஊர் மக்கள், குறுகிய தெருக்களில் அந்த வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று வாக்களித்தார்கள். வருமானத்தில் மாநிலத்திலேயே முதலிடமான சான்டா கிளாரா கவுன்ட்டியில், வீடற்றவர்கள் என்று 2023-ல் எண்ணப்பட்டவர்கள் சுமார் 10 ஆயிரம் பேர்.

101-ம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் பாலோ ஆல்ட்டோ. மறுபக்கம் ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ. கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் பசிபிக் தீவினரும் வாழும் உழைப்பாளர் ஊர். மரினிலும் மரின் சிட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. போர் முடிந்ததும் வெள்ளைத் தொழிலாளர்கள் வேறு ஊர்களில் வீடு வாங்கிப் போனார்கள். கறுப்பினத்தவருக்கு யாரும் விற்கவில்லை. மீடியன் என்ற ஒற்றை எண் இவர்களையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஆனால், அந்த எண்ணில் இவர்கள் தெரிவதில்லை.

பள்ளிக்கூடமும் விலையும்

நம்மவர்கள் கூப்பர்டினோவைத் தேடிப் போவதற்கு முக்கியக் காரணம் பள்ளிக்கூடம். அங்கே எந்தத் தெருவில் வீடு என்பதைப் பொறுத்துத்தான் எந்த அரசுப் பள்ளி என்பது முடிவாகும். நல்ல பள்ளியின் எல்லைக்குள் வரும் வீட்டுக்கு விலை கூடும்.

கூடிக்கொண்டே போனால்? சின்னக் குழந்தைகள் இருக்கும் இளம் குடும்பங்களால் உள்ளே வர முடியாது. இருப்பவர்களின் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். மாணவர் எண்ணிக்கை தேய்ந்து, 2022-ல் கூப்பர்டினோ தொடக்கக் கல்வி மாவட்டம் சில பள்ளிகளையே மூடியது. பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம். வீட்டு விலையும் ஒரு காரணம். பள்ளிக்காக ஏறிய விலை, பள்ளிக்கே பிள்ளைகள் வராமல் செய்துவிட்டது.

நல்ல முயற்சிகளும் இல்லாமல் இல்லை. சான் மட்டேயோவின் டேலி சிட்டியில் ஒரு பள்ளி நிர்வாகம், ஆசிரியர்கள் வாடகைக்கு அஞ்சி வேலையை விட்டுப்போவதைப் பார்த்து, 2018-ல் மக்களிடம் வாக்குக் கேட்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது. தன் நிலத்திலேயே 122 வீடுகள் கட்டி, 2022-ல் ஊழியர்களைக் குடியேற்றியது. 2019-ல் கூகுளும் ஃபேஸ்புக்கும் தலா 100 கோடி டாலர், ஆப்பிள் 250 கோடி டாலர் என்று வீட்டுவசதிக்கு அறிவித்தன. விலை ஏறக் காரணமே இந்த நிறுவனங்களின் சம்பளம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. வீடு கட்ட ஊர்கள் இடம் விட்டிருந்தால் சம்பளம் மட்டும் விலையை இவ்வளவு ஏற்றியிருக்குமா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு

பே ஏரியாவில் வேலை பார்க்கும் மகன் ‘இன்னும் வாடகை வீடுதாம்மா’ என்று சொன்னால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்குத்தான் இருக்கின்றன. ‘இத்தனை வருஷமாச்சு, ஒரு வீடு வாங்கலையா?’ என்ற கேள்வியைக் கேட்கும் முன் அந்த 69 டாலர் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வீடு வாங்கிவிட்டேன் என்று சொல்பவர்களிடமும் விலையைக் கேட்டு வியப்பதைவிட, மாதத் தவணை போக எவ்வளவு மிஞ்சுகிறது, ஒரு வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று அக்கறையோடு கேட்பது நல்லது. சிலிகான் வேலியில் வேலைநீக்க அறிவிப்பு ஒரு மின்னஞ்சலில் வந்துவிடும். 30 ஆண்டுக் கடன் அப்படிப் போய்விடாது. விசாவில் இருப்பவர்களுக்கு வேலையோடு நாட்டில் தங்கும் உரிமையும் சேர்ந்து ஆடும்.

ஒரு கவுன்ட்டி பணக்கார கவுன்ட்டியா என்பதை அங்கே கோடீஸ்வரர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அது வாழத் தகுந்த ஊரா என்பதற்கு வேறு கேள்வி வேண்டும்: அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், அதே ஊரில் குடியிருக்க முடிகிறதா?

சான்டா கிளாரா, மரின், சான் மட்டேயோ மூன்றும் ஆளுக்கொரு பட்டியலில் முதலிடம் வாங்கிவிட்டன. இந்தக் கேள்வியில் மூன்றும் இன்னும் தேர்ச்சி பெறவில்லை.